ஆயில் பார்த்தாச்சு

அச்சகத்தில் அவருக்குப் பெயர் கமா. ஒரே ஒரு கால்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவர் என்பதால் மெஷின்காரர்கள் வைத்த பெயர் அது. அவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள்; அவரோ பட்டம் கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு துண்டுத்தாள் வைப்பார்களே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுகிற தாள், அதை வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். படித்து முடித்ததும் வலது மூலையில் சிவப்புப் பேனாவால் ‘பார்த்தாச்சு’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவார். அந்தச் சொல் விழாமல் எந்தத் தாளும் மெஷினுக்குப் போகாது. விழுந்த பிறகு முதலாளியே ஆனாலும் அதை மறுபடி படிக்க மாட்டார். இருபத்தொரு வருஷமாக அந்தச் சொல்லுக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக் டீச்சர் என்று பெயர். வண்டி ஒன்று, ஆள் ஒருத்தி, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். தன் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த அந்த வெள்ளைக் காரில் உட்கார்ந்து ஐந்து வருஷத்தில் நானூறு பேருக்கு மேல் தெருவில் இறக்கிவிட்டிருக்கிறாள். யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், “கண்ணாடியைப் பார்த்தியா?” என்பாள். “பார்த்தேன் டீச்சர்” என்று பதில் வரும். “என்ன பார்த்தே?” என்று அடுத்த கேள்வி விழும். அங்கேதான் எல்லாரும் முழிப்பார்கள்.

“பார்த்தேன்னு சொல்லாதே. என்ன பார்த்தேன்னு சொல்லு. சிவப்பு ஸ்கூட்டர் வருது, ஒரு பாட்டி ரோடைத் தாண்டப் போறாங்க, அப்படிச் சொல்லு. சும்மா பார்த்தேன் பார்த்தேன்னா உன் கண்ணுக்கு நான் சாட்சியா?”

இந்தக் கேள்வியை அவள் கேட்காத ஒரே ஆள் தன் கணவர்தான். வீட்டைப் பூட்டியாச்சு என்று அவர் சொன்னால் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிவிடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் புருஷன்மார் மேல் குறைசொல்லும்போது, “எங்க வீட்ல அந்தக் கவலை இல்லப்பா. அவர் பார்த்தார்னா பார்த்தார்தான்” என்று பெருமையடிப்பாள். கமாவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சட்டைக் காலர் கொஞ்சம் நிமிரும். அப்படி நிமிர்ந்த காலர்தான் பிறகு கழுத்தை அறுத்தது.

அந்த வெள்ளைக் கார் ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், ரவுண்டானாவில், ஒரு நர்ஸ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தபோது நின்றது. டீச்சர் அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

“என்னங்க, வண்டி நின்னுடுச்சு. ஆயில் லைட் ரெண்டு தடவை கண்ணடிச்சுது. மிக்ஸில ஸ்பூன் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல. இந்தப் பொண்ணு தான்தான் உடைச்சிட்டோம்னு அழுதுட்டு இருக்கு.”

“அவளை அழ வேண்டாம்னு சொல்லு” என்றார் கமா. அவ்வளவு சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஆயில் என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். அங்கே மெக்கானிக் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, ஆயில் போகிற சல்லடையை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தான். கறுப்பு நூல் நூலாக, ரப்பர் துகள் அடைத்துக் கிடந்தது.

“இந்த மாடல்ல பெல்ட்டு ஆயிலுக்குள்ளேயே ஓடும்க்கா. ஆயில் பழசாச்சுன்னா பெல்ட்டை அரிச்சுடும். அரிச்சது இங்கே வந்து அடைச்சுக்கும். ஆயில் மேலே ஏறாது. எஞ்சின் வறண்டு போய்ப் பூட்டிக்கும். இந்த மாசம் இது எனக்கு நாலாவது.”

“சரி பண்ண முடியாதா?”

“புது எஞ்சின்தான்க்கா. வண்டி விலைல பாதி ஆகும்.”

ஆயிலுக்குள் ரப்பர் பெல்ட்டை ஓடவிட்ட மகா புத்திசாலி யாரோ, அவர் எந்தக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படம் போட்டாரோ, அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அடிபடுவது என்னவோ வண்டி வாங்கினவன்தான். ஆனால் ஊரெல்லாம் ஒரே மாதிரி எஞ்சின் சாக ஆரம்பித்ததும் கம்பெனிக்கும் கொஞ்சம் கூச்சம் வந்து, இந்த எஞ்சினுக்கு மட்டும் ஏழு வருஷ உத்தரவாதம் என்று ஒரு கடிதம் விட்டிருந்தது. அதன் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. ஒவ்வொரு வருஷ சர்வீஸும் தவறாமல் நடந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் புத்தகத்தில் சீல் இருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதைதான்.

டீச்சர் புத்தகத்தைத் திறந்தாள். முதல் வருஷக் கட்டத்தில் நீலச் சீல். இரண்டாவதில் சீல். நாலாவதில் சீல். மூன்றாவது கட்டம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

“குத்த மறந்துட்டாங்க பாருங்க” என்றாள் கணவரிடம். அவள் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. “நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க அன்னைக்கு? ஆயில் பார்த்தாச்சுன்னு வந்து சொன்னீங்களே.”

“ம்” என்றார் கமா.

நடந்தது இதுதான். மூன்றாம் வருஷ சர்வீஸ் நாளன்று டீச்சருக்கு ஆறு மாணவர்களின் ஓட்டுநர் தேர்வு, தேர்வு மையத்து வண்டியில். அதனால் வண்டியைக் கொண்டுபோகிற வேலையை அவரிடம் கொடுத்தாள். அதற்கு முந்தின வாரம்தான் இருவருக்கும் சண்டை. குழாய் ஒழுகுவதிலிருந்து வாடகைப் பத்திரம் வரைக்கும் எதைச் சொன்னாலும் ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார் என்று அவள் வரிசையாகப் படித்துக் காட்டியிருந்தாள். அந்த ரோஷத்தில் அவர் காலையிலேயே கிளம்பி சர்வீஸ் சென்டர் வாசலில் காவலாளியின் நோட்டில் பதிந்துவிட்டு உள்ளே போனார். மூக்குக் கண்ணாடியை ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்த அட்வைசர், வண்டிகளை வாங்கிப் பதிகிறவர், சாவியை வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அதே நேரத்தில் அச்சகத்திலிருந்து போன். குழந்தைகளுக்கான ஒரு மருந்தின் தாள் பதினோரு மணிக்கு மெஷின் ஏறுகிறது, இன்னும் கமா பார்க்கவில்லை.

“அடுத்த வாரம் வரேன்” என்று சாவியைத் திருப்பி வாங்கினார்.

“தள்ளிப் போடாதீங்க சார். இந்த எஞ்சினுக்கு ஆயில்தான் உயிர்” என்றார் அட்வைசர்.

அச்சகத்துக்கு ஓடி அந்தத் தாளைப் பார்த்தார். பார்த்தது நல்லதாகப் போயிற்று. 0.5 மில்லி என்பதில் புள்ளி விடுபட்டு ஐந்து மில்லி ஆகியிருந்தது. அந்தப் புள்ளியைச் சிவப்பில் வைத்த பிறகுதான் ‘பார்த்தாச்சு’ எழுதினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனசு கேட்காமல் வண்டியின் மூடியைத் திறந்து, ஆயில் அளக்கிற கம்பியை உருவி, வீணான ஒரு புரூஃப் தாளில் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். மேல்கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. நிறமும் மோசமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ளியின் கதையைத்தான் முதலில் சொன்னார். அவளும் வாயைப் பிளந்து கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “ஆயில்?” என்றாள்.

“பார்த்தாச்சு.”

பொய்யா? பொய்யில்லை. பார்த்தார்தான். ஆனால் அந்தச் சொல்லை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரியும். வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ‘மாத்தியாச்சு’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. ‘மாத்தலை’ என்று சொல்ல தைரியம் வரவில்லை. நடுவில் வசதியாக இந்தச் சொல் கிடந்தது. அடுத்த வாரம் கொண்டுபோய் உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் ஆயிற்று. பிறகு அது மறந்தே போயிற்று. நாலாம் வருஷம் டீச்சரே கொண்டுபோய் ஆயில் மாற்றினாள், சீலும் வாங்கினாள். நடுவில் ஒரு கட்டம் காலி என்பதை அப்போது அவளும் கவனிக்கவில்லை, சீல் குத்தினவரும் கவனிக்கவில்லை.

இப்போது ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் டீச்சர் அதற்குள் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போருக்குக் கிளம்பிவிட்டாள்.

இதே எஞ்சின் போனவர்களைத் தேடிப் பிடித்துப் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். ஒரு பல் டாக்டர், ஒரு மீன் வியாபாரி, இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி, ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்று அவளையும் சேர்த்துப் பதினோரு பேர். கம்பெனிக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்புவதற்கு முன்னால் கமாவிடம் நீட்டுவாள். “என்னங்க, ஒரு தடவை பார்த்துடுங்க. நீங்க பார்த்தா எனக்கு நிம்மதி.” அவரும் பார்ப்பார். ‘எல்லா சர்வீஸும் முறையாகச் செய்யப்பட்டுள்ளது’ என்ற வரியில் ‘செய்யப்பட்டுள்ளன’ என்று திருத்துவார். இலக்கணம் சரியாகிவிட்டது; வரி மட்டும் பொய்யாகவே போயிற்று.

டீச்சரின் தம்பி ஒருநாள் வந்து உட்கார்ந்து யோசனை சொன்னான். “மாமா, அச்சகத்துல வேலை பார்க்கற ஆளுக்கு ஒரு ரப்பர் சீல் பெரிய விஷயமா? மூணாவது கட்டத்துல ஒரு குத்து குத்திட்டா முடிஞ்சுது கதை.”

கமா வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “நாம செஞ்ச சர்வீஸுக்கு நாமளே எதுக்குடா பொய் சீல் குத்தணும்? தப்பு அவங்க மேல. அவங்க குத்தட்டும்.”

தம்பி முதுகைத் தேய்த்துக்கொண்டு போனான். அடி என்னவோ தனக்கு விழுந்த மாதிரிதான் கமாவுக்கு இருந்தது.

அவள் சும்மா கத்திக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. சர்வீஸ் சென்டர் வாசலில் காவலாளி எழுதுகிற நோட்டு ஒன்று உண்டு. நயமாகப் பேசி, இரண்டு வருஷப் பழைய நோட்டைத் தேடவைத்து, அந்தத் தேதியில் தங்கள் வண்டி உள்ளே வந்ததைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே போன நேரத்தை எழுதக் காவலாளி சோம்பல்பட்டிருந்தார். அந்த மாதம்தான் அங்கே கம்ப்யூட்டர் மாற்றினார்கள் என்பதால் பழைய பதிவும் பாதி இல்லை. ஆக, வண்டி உள்ளே போனதற்கு அத்தாட்சி இருக்கிறது. சர்வீஸ் ஆகாமல் வெளியே வந்ததற்கு இல்லை.

“இனி எங்க தப்பிப்பாங்க?” என்று அந்தப் படத்தை அவரிடம் காட்டியபோது அவள் முகத்தில் ஒரு குழந்தையின் சந்தோஷம் இருந்தது. கார் நின்ற நாளிலிருந்து அவளை அப்படிப் பார்க்கவில்லை. பாடங்கள் நின்றுவிட்டன. பாதியில் விட்ட மாணவர்கள் வேறு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பகலில் அவள் வீட்டில் இருப்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவளுடைய இடது கால் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். ஜெயித்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்றும் நினைப்பார். இரண்டாவது நினைப்புதான் இனித்தது.

கடைசியில் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். சர்வீஸ் சென்டரின் மாடி அறையில் சந்திப்பு. குரூப்பில் இருந்து பல் டாக்டரும் மீன் வியாபாரியும் வந்து கீழே காத்திருந்தார்கள். டீச்சரின் வழக்கு முதலில் முடியட்டும், அதை வைத்து மற்றதையெல்லாம் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே வண்டிகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. கடைசியில், ஓர் ஓரமாக, அவர்களுடைய வெள்ளைக் கார். மேஜையின் ஒரு பக்கம் டீச்சரும் கமாவும். எதிரே மேனேஜர். பக்கவாட்டில், நாற்காலியின் நுனியில், அட்வைசர். இந்த இரண்டு வருஷத்தில் அவர் தலை நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். கமா அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தார்.

மேனேஜர் காவலாளி நோட்டின் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். “மேடம், ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும். ஒண்ணு, சர்வீஸ் நடக்கலை. இல்லேன்னா, நடந்ததை எங்க ஆள் பதிவு பண்ணலை. எங்க ஆள் தப்புன்னா எஞ்சினுக்குக் கம்பெனி பொறுப்பு. புது எஞ்சின் போட்டுத் தந்துடுவோம். அதுல மாற்றமில்லை.” பிறகு அட்வைசர் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு டியூட்டில நீங்க மட்டும்தான். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருக்கீங்க. இது ரெண்டாவது. நான் என்ன சொல்ல வரேன்னு உங்களுக்கே தெரியும்.”

அட்வைசருக்குத் தெரிந்தது. கமாவுக்கும் தெரிந்தது.

“எனக்கு ஞாபகம் இல்ல சார்” என்றார் அட்வைசர். “ஒரு நாளைக்கு நாப்பது வண்டி. இவங்க வண்டி அன்னைக்கு வந்துச்சா போச்சான்னு எப்படி யோசிச்சாலும் வர மாட்டேங்குது. ஆனா கேட் நோட்டுல வந்ததா இருக்கு. வந்த வண்டியை நான் ஆயில் மாத்தாம அனுப்ப மாட்டேன். இந்த மேடத்தை எனக்குத் தெரியும். என் பொண்ணுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவங்க. பொய் சொல்ற ஆள் கிடையாது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாந்தான் சார் எழுத மறந்திருப்பேன்.”

டீச்சரின் முகம் மாறியது. வேலை போகும் என்பதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. “சார், அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க. மறதி எல்லாருக்கும்தான். எனக்கு எஞ்சின் கிடைச்சாப் போதும்” என்றாள்.

“அது எங்க உள் விஷயம் மேடம்” என்றார் மேனேஜர். வெள்ளைத்தாள் ஒன்றை அட்வைசர் பக்கம் தள்ளினார். “நாலு வரி எழுதிக் கொடுத்துடுங்க.”

அட்வைசர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. “சார், பேனா இருக்கா?” என்று கமாவிடம்தான் கை நீட்டினார். கமாவின் பையில் இருந்தது சிவப்புப் பேனா ஒன்றுதான். கொடுத்தார். அட்வைசர் குனிந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இடது கையால் தாளை அணைத்துக்கொண்டு எழுதினார். கீழே எங்கோ ஒரு வண்டியின் ஹார்ன் நீளமாக அடித்து நின்றது.

எழுதி முடித்தவர் தாளை மேனேஜரிடம் கொடுக்கவில்லை. ஒரு சின்னச் சிரிப்போடு கமாவின் பக்கம் திருப்பினார்.

“சார் புரூஃப் பார்க்கறவராமே. மேடம் பாடத்துக்கு நடுவுல சொல்லிட்டே இருப்பாங்கன்னு என் பொண்ணு சொல்லும். ஒரு தடவை பார்த்துடுங்க சார். எனக்கு எழுத்துப்பிழை ஜாஸ்தி. கடைசியா எழுதிக் கொடுக்கறது, தப்பில்லாம இருக்கட்டும்.”

பேனாவும் தாளும் கமாவின் முன்னால் வந்து கிடந்தன.

படித்தார். நாலே வரி. ‘மேற்படி வாகனம் அன்று எங்களிடம் வந்தது. எஞ்சின் ஆயில் மாற்றப்பட்டது. அதைப் பதிவு செய்ய நான் தவரிவிட்டேன். இதற்கு நானே பொறுப்பு.’ மூன்றாவது வரியில் ‘தவரி’ என்று இருந்தது. கை தானாகப் போய் இடையின ரகரத்தை அடித்து மேலே வல்லின றகரத்தை எழுதியது. அது மூளையைக் கேட்டுச் செய்கிற வேலையில்லை. இருபத்தொரு வருஷப் பழக்கம்.

பிறகு பேனா இரண்டாவது வரிக்கு வந்து நின்றது.

அந்தத் தாளில் இன்னொரு பிழை இருக்கிறது. அது பிழை என்று தெரிந்த ஒரே ஆள் அவர். இதை விட்டுவிட்டு மூலையில் ‘பார்த்தாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு எஞ்சின் வந்துவிடும். மாணவர்கள் திரும்பி வருவார்கள். அவளுக்கு எதுவும் தெரியவே தெரியாது. இந்த மனிதர் மட்டும் தன்னுடையதல்லாத ஒரு மறதியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். போய்த் தன் மகளிடம், ‘நாந்தாம்மா மறந்துட்டேன்’ என்று சொல்வார். ஆயில்தான் உயிர், தள்ளிப் போடாதீங்க என்று சொன்ன வாய் அது.

“என்னங்க?” என்றாள் டீச்சர் மெதுவாக.

கமாவுக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. மேனேஜரை நினைத்து இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை நினைத்து. ‘மாற்றப்பட்டது’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதன் தலைக்கு மேல், அச்சகத்தில் எழுதுகிற அதே சீரான கையெழுத்தில், ‘மாற்றப்படவில்லை’ என்று எழுதினார். அடுத்த வரியை முழுக்க அடித்தார். ‘இதற்கு நானே பொறுப்பு’ என்ற வரியை மட்டும் அப்படியே விட்டு, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

“இவர் எதையும் மறக்கலை சார்” என்றார். “மூணு மணி நேரம் ஆகும்னார். எனக்கு வேலை இருந்துச்சு, சாவியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டேன். தள்ளிப் போடாதீங்கன்னுகூடச் சொன்னார். நான்தான் கேட்கலை.”

அட்வைசர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார். டீச்சர் கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். நாலு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் மேஜைக்கு அடியில் இடது காலை ஒருமுறை அழுத்தினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“மன்னிச்சிடுங்க சார்” என்று அட்வைசரைப் பார்த்துச் சொன்னாள். “தெரியாம உங்க மேல பழி போட்டுட்டேன்.”

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். மூன்று நிறுத்தம் தாண்டியது.

“என்ன பார்த்தீங்க?” என்றாள்.

அவருக்கு உடனே புரியவில்லை.

“அன்னைக்கு. ஆயில் பார்த்தாச்சுன்னு சொன்னீங்களே. என்ன பார்த்தீங்க?”

“மேல்கோடு வரைக்கும் இருந்துச்சு. நிறம்... தேன் மாதிரி, கொஞ்சம் கறுப்பு.”

“சரி” என்றாள். மாணவர்களிடம் சொல்கிற அதே ‘சரி’. சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பெனியின் கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. உத்தரவாதம் பொருந்தாது, வருந்துகிறோம். அவர்கள் வருத்தத்தை வைத்து ஒரு ஸ்பார்க் பிளக்கூட வாங்க முடியாது. எல்லா சீலும் வைத்திருந்த பல் டாக்டருக்கும் அதே பெல்ட்தான் அரித்தது, அதே சல்லடைதான் அடைத்தது, ஆக எஞ்சின் போனதற்கு அந்த ஒரு கட்டம்தான் காரணமா என்று கேட்க டீச்சருக்கு வாயில்லாமல் போய்விட்டது. கேட்கிற வாயைக் கமாவே அடைத்துவிட்டார். மற்ற பத்துப் பேருக்கும் புது எஞ்சின் வந்தது. அதற்கான கடைசிக் கடிதம் வரைக்கும் டீச்சர்தான் எழுதினாள். அட்வைசருக்கு வேலை இருந்தது. ஒருநாள் போன் செய்து, வண்டியை அப்படியே விற்பதானால் நல்ல ஆள் பார்த்துத் தருவதாகச் சொன்னார். அவரே முன்நின்று விற்றும் கொடுத்தார். டீச்சர் இன்னொரு ஓட்டுநர் பள்ளியில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அடுத்தவர் கார், அடுத்தவர் பிரேக்.

வீட்டில் சண்டை வரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாப்பாடு வந்தது, காபி வந்தது, குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. குரூப்பிலிருந்து விடைபெறுகிற அன்று டீச்சர் எல்லாருக்கும் ஒரு நீண்ட செய்தி எழுதினாள். எங்கள் வண்டிக்கு மூன்றாம் வருஷம் ஆயில் மாற்றவில்லை, மாற்றியதாக நான் சொன்னது உண்மையில்லை, மன்னிக்கவும் என்று. யார் மாற்றவில்லை என்று எழுதவில்லை. அவரிடம் காட்டாமலே அனுப்பினாள். குரூப்பில் அவரையும் சேர்த்திருந்ததால் கமா அதைத் தன் போனில் பிறகு படித்தார். ‘மன்னிக்கவும்’ என்பதில் ஒரு ‘ன்’ குறைந்திருந்தது. அவர் விரல் திரைமேல் போய் அந்த இடத்தில் நின்றது. ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியைத் திருப்பி எடுத்தார்.

“பூட்டியாச்சா?” என்றாள்.

“பூட்டியாச்சு.”

அவள் நாலு படி இறங்கினாள். நின்றாள். திரும்பி ஏறி வந்து, அவரைத் தாண்டிப் போய், பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. பூட்டு சரியாகத்தான் இருந்தது. அவள் மறுபடி இறங்கிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கமா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனார்.